தண்ணீர் கொடுக்க ஓடிய பிள்ளை

 

பெருநாள் விளையாட்டுகளும் சித்திரை விளையாட்டுகளும் வந்தால் எங்கள் கல்குடாப் பகுதியில் மரதன் ஓட்டமும் சைக்கிள் ஓட்டமும் இல்லாமல் இருக்காது. இந்த முறையும் சில கழகங்கள் ஆயத்தமாகின்றன என்று கேள்விப்பட்டோம். சந்தோசம். அதற்கு முன் ஒரு விடயத்தை உங்களோடு பேச வேண்டும். நீண்ட நாளாக மனதில் கிடக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, மோட்டார் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு ஆசிரியர்களான நாங்களே சைக்கிளில்தான் பாடசாலைக்குப் போனோம். ஓட்டமாவடிப் பாலத்தில் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் மணிச் சத்தந்தான். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களுக்கெல்லாம் உயிர் வந்தது. இளைஞர்கள் சிலர் கடன் பட்டாவது கியர் சைக்கிள் வாங்கினார்கள். அந்தச் சூட்டோடு, அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு, ஒரு கழகம் பிரதான வீதியில் சைக்கிள் ஓட்டம் வைத்தது. பெயர் வேண்டாம். அவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள்.

பிள்ளைகளை வீதியோரத்தில் நிறுத்தி உற்சாகப்படுத்தினால் நல்லது என்று நினைத்து எங்கள் பாடசாலையிலிருந்து ஐம்பது அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். வீதியின் இரண்டு பக்கமும் நிறுத்தினோம். ஒரு மதகைத் தாண்டிச் சின்ன வளைவு, அந்த இடத்தில். சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். பாவம், ஓடி வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்கும் என்று ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம்.

முதலில் வந்த கூட்டத்தில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் கத்தினோம். "ஓடு, ஓடிக் குடு!" என்று எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருவனைப் பார்த்துச் சொன்னோம். எங்களில் யார் சொன்னது என்று பிறகு யோசித்துப் பார்த்தும் விளங்கவில்லை. எல்லோருமே சொல்லியிருப்போம். பிள்ளை போத்தலை நீட்டிக்கொண்டு இரண்டு அடி வீதிக்குள் வைத்தான். இரண்டே அடிதான்.

முன்னால் வந்த தம்பி பிள்ளையில் மோதாமல் சைக்கிளை வெட்டினார். ஓரத்து மணலில் சில்லு சறுக்கியது. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் அவர் மேலேயே விழுந்தார்கள். பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தம்பிக்குக் காறையென்பு உடைந்தது.

பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளை அவர். மேசன் வேலை செய்கிறவர். காறையென்பு உடைந்தவரால் கல்லைத் தூக்க முடியுமா, சாந்துச் சட்டியைத் தூக்க முடியுமா? இரண்டு மாதத்துக்கு மேல் வேலை இல்லை. அந்த நேரத்து விலைவாசியில் இரண்டு மாதம் நாட்கூலி இல்லாத வீடு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அன்று பாடசாலைக்குத் திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏசினோம். "உனக்குக் கண் இல்லையா?" என்று கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "நீங்கதானே சேர் ஓடிக் குடுக்கச் சொன்னீங்க."

ஆசிரியர் அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பியைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். எங்களுக்குள் ஒரு பயமும் இருந்தது. இது இரண்டு ஊருக்கு இடையில் ஒரு கதையாகிவிடுமோ என்ற பயம். ஆனால் அவருடைய அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். தம்பி தோளில் பட்டி கட்டியபடி எழும்பி உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னது இது:

"தண்ணி எங்களுக்கு வேணுந்தான் சேர். ஆனா நிண்ட இடத்தில நிண்டு நீட்டினாக் காணும். நாங்க வந்து எடுப்பம். நீங்க வந்தா எங்களுக்குப் போக இடமில்ல."

இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் பார்த்தோம். எங்கள் வீதியில் நடந்தது உலகத்தின் மிகப் பெரிய ஓட்டத்திலும் நடந்திருக்கிறது. 2021 ஜூன் 26, டூர் டி பிரான்ஸ் ஓட்டத்தின் முதல் நாள். 184 வீரர்கள். முடிவிடத்துக்கு இன்னும் சுமார் 45 கிலோமீற்றர் இருக்கும்போது, வீதியோரத்தில் நின்ற ஒரு பெண் தன் மூத்தப்பாவுக்கும் மூத்தம்மாவுக்கும் வாழ்த்து எழுதிய மட்டையைத் தொலைக்காட்சிக் கமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கமராவைப் பார்த்ததால் வீரர்கள் வரும் பக்கம் அவருடைய முதுகு இருந்தது. ஜேர்மன் வீரர் டோனி மார்ட்டின் அந்த மட்டையில் மோதி விழ, பின்னால் வந்தவர்கள் வீதி முழுக்கச் சரிந்தார்கள். ஒரு வீரர் அந்த இடத்திலேயே ஓட்டத்தை விட்டார். ஸ்பெயின் வீரர் மார்க் சோலர் இரண்டு கைகளிலும் முறிவோடு அன்றைய தூரத்தை ஓடி முடித்துவிட்டு, அடுத்த நாள் ஓட முடியாமல் வீடு திரும்பினார்.

அந்தப் பெண் பயந்து போய்விட்டார். நான்கு நாளுக்குப் பிறகு தானாகவே பொலிஸில் ஆஜரானார். உலகமே இணையத்தில் அவரை ஏசியது. ஓட்டத்தை நடத்துகிறவர்கள் தங்கள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். வீரர்களின் சங்கம் நட்டஈடாக ஒரே ஒரு யூரோ மட்டும் கேட்டது. பணம் அவர்களுடைய நோக்கமில்லை. டிசம்பரில் நீதிமன்றம் 1,200 யூரோ தண்டப்பணம் விதித்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் எட்டாம் தரத்துப் பிள்ளையின் முகந்தான் நினைவுக்கு வந்தது. இருவரும் கெட்டது நினைக்கவில்லை. ஒருவர் அன்பைக் காட்ட நினைத்தார், மற்றவன் தண்ணீர் கொடுக்க நினைத்தான்.

இன்னும் இருக்கிறது. 2018 இல் அல்ப் துவெஸ் மலை ஏற்றத்தில், 2014 இல் பட்டம் வென்ற வின்சென்சோ நிபாலி சனநெரிசலுக்குள் விழுந்து முதுகெலும்பில் முறிவோடு ஓட்டத்தை விட்டார். 2023 ஜூலையில் ஒருவர் போனை நீட்டிப் படம் எடுக்க, செப் கஸ் என்ற வீரரில் கை பட்டு இருபது பேரளவில் விழுந்தார்கள். 2025 ஏப்ரலில் பாரிஸ் - ரூபே ஓட்டத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த மத்தியூ வான் டெர் பூலின் முகத்தில் ஒருவன் போத்தலால் எறிந்தான். கடைசியில் சொன்னது குற்றம். மற்றவை கவனக்குறைவு. ஆனால் விழுகிறவரின் எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஏன் இப்படி நடக்கிறது? விஞ்ஞான பாடம் எடுக்கிற எங்கள் சக ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர். எங்கள் வகுப்பறை ஒன்றின் நீளத்தைவிட அதிகம். நீங்கள் "ஆ!" என்று சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் உங்களைத் தாண்டிவிடும், அல்லது உங்கள் மேல் இருக்கும். ஓட்டச் சைக்கிளின் டயர் இரண்டு விரல் அகலந்தான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருகிறவர் பலத்தை மிச்சம் பிடிக்க ஒரு மீற்றருக்கும் குறைவான இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வருவார். தேர்ந்த வீரர்களின் சப்பாத்து பெடலோடு பூட்டியிருக்கும். ஆகவே ஒருவர் விழுந்தால் அது ஒருவரோடு நிற்காது.

கிரிக்கெட் பார்க்கப் போனால் எல்லைக்கோடு இருக்கிறது. உதைபந்தாட்டத்துக்கு மைதானம் இருக்கிறது. சைக்கிள் ஓட்டத்துக்கு மைதானமே எங்கள் வீட்டு வாசல்தான். டிக்கெட் இல்லை, வேலி இல்லை. அதுதான் அதன் அழகு. வயலுக்குப் போகிறவரும் கடைக்குப் போகிறவரும் நின்று பார்க்கலாம். ஆனால் வேலி இல்லாத இடத்தில் பார்க்கிறவன்தான் வேலி.

எங்கள் மார்க்கத்திலும் இது புதுப் பேச்சில்லை. வீதியோரத்தில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, தங்களுக்கு வேறு இடமில்லை என்று தோழர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் வீதிக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பிறருக்குத் தொல்லை கொடுக்காமல் இருப்பது அந்த உரிமைகளில் ஒன்று. நாங்கள் குத்பாவில் பல தடவை கேட்டது. அன்று அந்த வளைவில் நின்றபோது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஆகவே இந்த முறை போட்டி நடக்கும்போது தயவுசெய்து இவற்றைச் செய்வோம்.

பிள்ளைகளை வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்துவோம். இரண்டு பக்கமும் நின்றால் குறுக்கே ஓட மனம் வரும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, வடிகானுக்கு அப்பால் நிற்போம். வளைவில் நிற்கவே வேண்டாம்.

தண்ணீர் கொடுப்பதென்றால், சொல்லி வைத்த ஓரிடத்தில், வளர்ந்தவர் ஒருவர் அசையாமல் நின்று கையை நீட்டட்டும். பெரிய ஓட்டங்களிலும் அப்படித்தான். அணியின் உதவியாளர் பையை நீட்டிக்கொண்டு நிற்பார், வீரர் வந்து எடுப்பார். மூடி உடைக்காத போத்தலாக இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து வயிற்றுக் குத்தோடு அனுப்ப வேண்டாம். வாளியால் முகத்தில் ஊற்றவே வேண்டாம்.

போனை வீதிக்குள் நீட்ட வேண்டாம். வீரர்கள் வரும் பக்கம் முதுகைக் காட்டிச் செல்பி எடுக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் கூடவே போய்க் கத்த வேண்டாம்.

மாடு, ஆடு, நாய் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு மணித்தியாலம் கட்டி வையுங்கள். வீதியில் நெல் காயப் போட்டிருந்தால் அன்று மட்டும் அள்ளிவிடுங்கள்.

முதல் கூட்டம் போனதும் ஓட்டம் முடிந்தது என்று வீதியைக் கடக்க வேண்டாம். பின்னால் வருகிறவர்களும் அதே வேகத்தில்தான் வருவார்கள். கடைசி வாகனம் போகும் வரை பொறுப்போம்.

ஒருவர் விழுந்தால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டாம். தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். ஒருவர் பின்னால் ஓடிப்போய் வருகிறவர்களை மறிக்கட்டும். ஒருவர் 1990 க்கு அழைக்கட்டும், சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். மற்றவர்கள் சுற்றி நிற்காமல் காற்று விடுங்கள்.

கழகத்துத் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். பொலிஸுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். ஒவ்வொரு குறுக்கு வீதிக்கும் விசிலோடு ஒருவரை நிறுத்துங்கள். வெயில் ஏறுவதற்கு முன், சுபஹுக்குப் பிறகு ஆரம்பியுங்கள். தலைக்கவசம் இல்லாதவரை ஓட விடாதீர்கள். அன்று எங்கள் வீதியில் ஓடியவர்களில் பாதிப் பேரின் தலையில் ஒன்றுமில்லை. 2003 இல் பாரிஸ் - நீஸ் ஓட்டத்தில் கசகஸ்தான் வீரர் அந்திரெய் கிவிலெவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான், பெரிய ஓட்டங்களிலேயே தலைக்கவசம் கட்டாயமானது. எங்களுக்கும் ஒரு மௌத் நடந்துதான் புத்தி வர வேண்டுமா?

அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அந்த நாளுக்குப் பிறகு பல மாதம் அவன் சைக்கிளில் ஏறவே இல்லை என்று அவனுடைய உம்மா பிறகுதான் சொன்னார். அவனை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "பிழை உன்னுடையதில்லை, எங்களுடையது" என்று சொன்னோம். ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சொன்ன பிறகு எங்களுக்குத்தான் பாரம் குறைந்தது. போன வருடம் பாடசாலை மரதன் ஓட்டத்தில் சந்தியில் விசிலோடு நிற்க யார் வருவது என்று கேட்டபோது, அவன்தான் முதலில் கையை உயர்த்தினான்.

தம்பி அதற்குப் பிறகு போட்டியில் ஓடவில்லை. வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறார். பாலத்தடியில் எங்களைக் கண்டால் கையைக் காட்டுவார். இடது கையை. வலது தோள் இன்னும் முழுதாக உயராது.

அவர் கையைக் காட்டும்போதெல்லாம், அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கேட்கும். நின்ற இடத்தில் நின்று நீட்டினால் போதும்.

இதை உங்கள் கழகத்து வட்ஸ்அப் குழுவில் போடுங்கள், வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். போட்டி நாளில் வீதியோரத்தில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வடிகானுக்கு அந்தப் பக்கம்.

வஸ்ஸலாம்.