செக் சிக்னலும் ஒரு டிஎல்எல் கோப்பும்

போன மாதம் ஒரு சின்னத் தப்பு செய்தேன். வங்கியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் செய்யக்கூடாத தப்பு. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதியம், டெபாசிட், வரிக் கணக்கு எல்லாவற்றையும் என் வீட்டுக் கணினியில் நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். "அண்ணாச்சி பாத்துக்கிடுவாக" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எதையும் கேட்பதில்லை. கேட்காதவர்களிடம்தான் பயம் அதிகம்.

டிஸ்கில் இடம் இல்லை என்று ஒருநாள் பழைய கோப்புகளை அழித்தேன். மறுநாள் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. 'லிப்இஏஒய்32.டிஎல்எல்' காணவில்லை என்று திரையில் ஒரு பெட்டி. மென்பொருளின் சிடி பீரோவில் எங்கோ இருந்தது. தேடச் சோம்பல். இணையத்தில் அந்தப் பெயரைப் போட்டேன். இலவசமாகக் கொடுக்க ஒரு தளம் தயாராக இருந்தது. இறக்கினேன், உரிய இடத்தில் போட்டேன், மென்பொருள் ஓடியது. என் சாமர்த்தியத்தை மனைவியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ராத்திரி தூக்கம் வராமல், அது என்ன கோப்பு என்று படித்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் கோப்பு. நாம் அனுப்பும் ரகசியங்களைப் பூட்டுவதும் திறப்பதும் அதன் வேலை. 1995-ல் எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் தொடங்கிய எஸ்எஸ்எல்இஏஒய்தான் அதன் மூலம். 'இஏஒய்' என்பது எரிக் ஏ. யங்கின் முதலெழுத்துகள். 1998 கடைசியில் அது ஓப்பன்எஸ்எஸ்எல் ஆனது. 2016-ல் வந்த 1.1.0 பதிப்பிலிருந்து கோப்பின் பெயரும் லிப்கிரிப்டோ என்று மாறிவிட்டது. என்னிடம் இருந்தது பழைய பெயர்க்காரர். ஆக, வீட்டுப் பூட்டையே ரோட்டில் போகிறவனிடம் வாங்கி மாட்டியிருக்கிறேன்!

பயந்தபடியே அந்தத் தளத்துக்குத் திரும்பப் போனேன். கோப்பின் பக்கத்திலேயே அதன் ஹாஷ் எண்ணைப் போட்டிருந்தார்கள். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்தில் ஒரு விடை வரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை முழுக்க மாறிவிடும். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கறுப்புத் திரையில் அதைத் தட்டிப் பார்த்தேன். 64 எழுத்தும் பொருந்தின. நிம்மதியாகப் படுத்தேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1983-ல் திருநெல்வேலி பக்கம் ஒரு கிளையில் நான் இளநிலை அதிகாரி. அப்போதெல்லாம் அவசரப் பணம் தந்தியில்தான் வரும். தந்தியோடு செக் சிக்னல் என்று ஓர் எண் இருக்கும். தொகைக்கு இவ்வளவு, தேதிக்கு இவ்வளவு, கிளைக்கு இவ்வளவு என்று ரகசியப் புத்தகம் பார்த்துக் கூட்டினால் அதே எண் நமக்கும் வர வேண்டும். அந்தப் புத்தகம் தந்தியில் வராது. தனி வழியில் வந்து, அதிகாரியின் பூட்டுக்குள் இருக்கும். ஏமாற்றுத் தந்தி கொடுப்பவனே கூட்டும் எண்ணையும் கொடுத்தால் பொருந்தத்தானே செய்யும்?

நான் செய்தது அதுதான். கோப்பைக் கொடுத்தவனிடமே கைரேகையையும் கேட்டு வாங்கியிருந்தேன்.

காலையில் பீரோவைக் குடைந்து சிடியை எடுத்தேன். பேரனின் பழைய கணினியில் மென்பொருளைப் புதிதாக நிறுவி, அதிலிருந்த அதே கோப்புக்கு ஹாஷ் பார்த்தேன். பதிப்பு எண் இரண்டிலும் ஒன்றே. ஹாஷ் மட்டும் முதல் எழுத்திலேயே வேறு.

உடனே, இறக்கியது வைரஸ்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே மூல நிரலை இரண்டு பேர் தனித்தனியாகத் தொகுத்தாலும் ஹாஷ் மாறலாம். இது என் மென்பொருளோடு வந்த கோப்பு அல்ல என்பது மட்டுமே நிச்சயம். எனக்கு அது போதும்.

அந்த 1983-ல் ஒருநாள், மகள் கல்யாணத்துக்கு வந்த பணத்தின் செக் சிக்னல் பொருந்தவில்லை. கவுண்டருக்கு வெளியே நின்றவர் ஊரே அறிந்த பெரியவர். நான் மேனேஜரிடம் கெஞ்சினேன். "தம்பி, அவரு நல்லவருங்கறது வேற, தந்தி நம்ம கிளையோடதுங்கறது வேற" என்றார். டிரங்க் கால் போட்டுக் கேட்டதில், அனுப்பிய கிளையில் முந்தைய நாள் தேதியின் எண்ணைக் கூட்டியிருந்தார்கள். மறுநாள் காலை முதல் வேலையாகப் பணத்தைக் கொடுத்தோம். பொருந்தவில்லை என்பது யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. கொஞ்சம் நில் என்று சொல்வது.

அந்தக் கணினியைச் சுத்தமாக அழித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவினேன். கடவுச்சொற்களை வேறு கருவியில் மாற்றினேன். பொருந்துவதால் மட்டும் ஒரு கோப்பு பத்திரம் ஆகிவிடாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. சிடியில் இருந்தது 1.0.2 வரிசை, அதற்கான பொது ஆதரவு 2019-ஓடு நின்றுவிட்டது. அசல்தான், ஆனால் காலாவதி. மென்பொருளின் புதிய பதிப்புக்குப் பணம் கட்டினேன்.

அந்த அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பணம் எதுவும் போகவில்லை என்று பாஸ்புத்தகத்தையும் காட்டினேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, இனிமே மாசாமாசம் எனக்கும் ஒருவாட்டி காட்டுங்க. நானும் கத்துக்கிடுதேன்" என்றார்.

முதல் பாடம் இந்த ஞாயிற்றுக்கிழமை.