தவறணையும் தாளமும்

தவறணை என்னும் சொல்லை ஈழத்துத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கள் விற்கும் இடம். உழைத்துக் களைத்தவன் மாலையில் ஒதுங்கும் இடம். அவன் மனைவி நாள்தோறும் சபிக்கும் இடம். ஆனால் அது தமிழ்ச் சொல்லன்று என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. போர்த்துக்கீசரின் 'தவேர்னா' அது. அதற்கும் மூலம் இலத்தீனின் 'தபேர்னா'. நாம் அமரும் கதிரையும் வாங்கும், சோறு வேகும் குசினியும், காலையில் உண்ணும் பாணும் அதே கப்பலில் வந்திறங்கியவைதாம்.

இன்று கொழும்பின் வர்த்தக மையமாகிய கோட்டையிலும் அதன் அயலிலும் 'இலத்தீன் இரவு' என்ற பெயரில் ஆட்டக் கொண்டாட்டங்கள் விளம்பரமாகின்றன. மங்கிய விளக்கு, சுவரிலே ஹவானா நகரத்தின் பழைய மோட்டார் வண்டிகளின் படங்கள், கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சையும் புதினாவும் மிதக்கும் மது, காதைப் பிளக்கும் சல்சா இசை. வங்கியிலும் காப்புறுதிக் கம்பனியிலும் பகலெல்லாம் கணக்கெழுதிய இளைஞரும் யுவதிகளும் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு அங்கே ஆடுகின்றனர். வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உளர்.

இதுபற்றி நமது வட்டாரங்களில் இருவகைக் கண்டனங்களைக் கேட்கிறோம். ஒன்று, பண்பாடு கெடுகிறது என்னும் பெரியோர் குரல். மற்றது, இது மேல்வர்க்கத்தின் சீரழிந்த களியாட்டம் என்னும் நமது முற்போக்கு நண்பர்களின் குரல். இரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: ஆட்டம் அந்நியமானது, அது பணக்காரனுடையது என்று இரண்டுமே நம்புகின்றன. அந்த நம்பிக்கையைத்தான் நாம் இங்கே மறுக்க விரும்புகிறோம்.

ரும்பா ஆட்டம் எங்கே பிறந்தது? கியூபாவிலே, ஹவானா, மத்தான்சாஸ் துறைமுகங்களின் ஓரத்துச் சேரிகளிலே. அத்தீவில் 1886ஆம் ஆண்டிலேதான் அடிமைமுறை ஒழிந்தது. மூட்டை சுமந்த கறுப்புத் தொழிலாளர், சரக்கு வந்திறங்கிய மரப்பெட்டிகளையே முழவாக்கித் தட்டி ஆடினர். ஆர்ஜென்ரீனாவின் ரங்கோ, புவனஸ் அயர்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தது. சல்சா என்ற பெயர் பரவியது, நியூயோர்க்கிலே பிழைப்புத் தேடிக் குடியேறிய போர்த்தோ ரிக்கோ, கியூபா மக்களிடையே. ஸ்பானிய மொழியில் அச்சொல்லின் பொருள் குழம்பு என்பதே. பெயரே சொல்லிவிடுகிறதன்றோ, அது எவர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வந்ததென்று!

அத்தனை தூரமும் போவானேன்? கோட்டையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பேரை வாவிக் கரையிலே கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் அதற்கு 'அடிமைத் தீவு' என்று பொருள்படும் பெயரே வழங்கி வந்தது. ஒல்லாந்தர் தங்கள் ஆபிரிக்க அடிமைகளை அடைத்து வைத்த நிலம் அது. அம்மக்களும், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியரும் காத்து வந்த தாளமே கபிரிஞ்ஞா. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்ததே பைலா. மட்டக்களப்புப் பறங்கியரின் திருமண வீடுகளில் கபிரிஞ்ஞா ஆடப்பட்டது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிலே ஆபிரிக்க வம்சாவளியினர் தம் முன்னோரின் பாடல்களை மறந்துவிடாமல் பாடி வருகின்றனர். 1656இல் கொழும்பை இழந்து போர்த்துக்கீசத் தளபதிகள் போய்விட்டனர். அவர்கள் கொண்டுவந்த அடிமைகளின் தாளமோ போகவில்லை.

அந்தத் தாளத்தை இருபதாம் நூற்றாண்டிலே சிங்களப் பாட்டாக்கி நாடெங்கும் பரப்பியவர் வொலி பஸ்தியான். பொலிஸ் சேவையில் இருந்தவர். 1960களில் 'லொஸ் கபலேரோஸ்', 'லா சிலோனியன்ஸ்' என்று ஸ்பானியச் சாயலில் பெயர் வைத்துக்கொண்டு இளைஞர் குழுக்கள் கிற்றார் மீட்டின. நமது தமிழும் விலகி நிற்கவில்லை. நித்தி கனகரத்தினம், கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாமென்ற புத்திமதியையே ஆடத் தூண்டும் மெட்டிலே பாடினார்! தவறணையைத் திட்டும் பாட்டுக்குத் தவறணையின் தாளம். சிலோன் மனோகர் என்று தமிழகமும் அறிந்த ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்தது. கொட்டாஞ்சேனைச் சந்துகளிலே எந்த இனத்தவன் வீட்டுக் கொண்டாட்டமாயினும் பைலா ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆயினும் ஒன்றாய் ஆடிய கால்கள் ஒன்றாய் வாழ்ந்துவிட்டன என்று பொய்சொல்ல நாம் ஆயத்தமில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. பைலாத் தாளம் எந்தத் தீயையும் அணைக்கவில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியின் முன் வெடித்த குண்டு தொண்ணூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது; அவர்களிற் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலைபார்க்க வந்த சாதாரண மக்கள். அதன்பின் கோட்டைக்குள் நுழைவதே தமிழனுக்கு ஒரு பரீட்சையாயிற்று. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எதற்கு வந்தாய் என்ற கேள்வி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன், கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது.

யுத்தம் 2009இல் முடிந்தது, தடைகள் அகன்றன. ஒல்லாந்தர் கட்டிய பழைய ஆஸ்பத்திரி 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. முட்கம்பி இருந்த வீதியிலே இசை கேட்டது. மகிழ்ந்தோம், அம்மகிழ்ச்சியை இன்றும் மறுக்கவில்லை. ஆனால் முட்கம்பி போன இடத்தில் வேறொரு வேலி முளைத்ததைக் கண்டோம்.

கோட்டையிலே அலுவலகமொன்றில் பணிபுரியும் நம் மருமகன் ஒருநாள் எம்மை இத்தகைய விடுதியொன்றுக்கு அழைத்துச் சென்றான். வாசலிலே சாரமுடுத்த முதியவர் ஒருவரைக் காவலாளி மறித்து நின்றான். முதியவரின் மகன் உள்ளே குசினியில் கோப்பை கழுவுபவன். வீட்டில் அவசரம், சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். காவலாளி மலையகத்து இளைஞன், குரலைத் தாழ்த்தி, "ஐயா, சாரத்தோட உள்ளுக்கு விட ஏலாது. விட்டா என் வேலை போயிரும். பின்பக்கமா வாங்க, நான் கூப்பிட்டு விடுறேன்" என்றான். முதியவர் மறுபேச்சின்றிப் பின்பக்கம் நடந்தார். உள்ளே, அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அமைத்த இசைக்குக் கனவான்கள் ஆடிக்கொண்டிருந்தனர். நம் மருமகன், "மாமா, அது அவையின்ர சட்டம், என்ன செய்யிறது?" என்றான். அவனும் வாடகை கொடுக்கத் திணறும் சம்பளக்காரன்தான். அவ்வேலியின் எந்தப் பக்கத்தில் தான் நிற்பதாக எண்ணினானோ!

பெண்களுக்கு வேலி வேறுவகையில் இடப்பட்டது. மதுச்சாலையினுள் பெண்ணுக்கு மது விற்கலாகாது, மது விற்குமிடங்களில் அவள் வேலைசெய்யலாகாது என்று 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் கட்டுப்பாடுகள் விதித்திருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அவற்றை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்யப் பணித்தார். பண்பாட்டைக் காப்பதற்கென்று சொல்லப்பட்டது. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருபவள் பெண். அவள் முதுகிற் கூடை சுமக்கும்போது கெடாத பண்பாடு, கையிற் கிண்ணமேந்திக் கூலி பெறும்போது மட்டும் கெட்டுவிடுமோ? வசதி படைத்த பெண்ணை நட்சத்திர ஹோட்டலில் எவரும் தடுத்ததாய் நாம் கண்டதில்லை. சட்டம் பாய்வதானால் வேலை தேடி வந்தவள்மீதே பாயும்.

குடியை நாம் போற்றவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைத் தோட்டத்து லயன்களிலும் கொட்டாஞ்சேனைத் தொடர்வீடுகளிலும் கண்டவர்கள், அதைப் போற்ற மாட்டார்கள். நம் வழக்கு ஆட்டத்தைப் பற்றியது. உடலின் களைப்பை உடலாலேயே வெல்லக் கற்றுக்கொண்ட அடிமையின் கண்டுபிடிப்பு அது. துறைமுகத் தொழிலாளியின் சொத்து. அதை அந்நியமென்று தள்ளும் பெரியோரும், களியாட்டமென்று இகழும் தோழரும், அறியாமலே அதை விற்பவனுக்குக் கிரயப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே ஆடும் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்துவோம். யாரை உள்ளே விடுவது, யாரைப் பின்பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பவனை நோக்கிக் கேட்போம். நள்ளிரவு கடந்தபின் கோப்பை கழுவியவன் எப்படி வீடு போகிறான்? இரவுவேலைக்கு அவனுக்கு என்ன கூலி? அங்கே பணிபுரியும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? சாரமுடுத்தவன் ஏன் வாசலால் வரக்கூடாது? தவறணை என்ற சொல்லை நமக்குத் தந்த கடல், நகரத்தின் அதே கரையிலேதான் இன்னும் அலையடிக்கிறது. அது கொண்டுவந்த தாளத்துக்கு வாசற்காவல் இருந்ததில்லை.