குன்றத்தூர்க் கல்வட்டங்கள்

பூந்தமல்லியிலிருந்து தெற்கே குன்றத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் மலைமேல் முருகனைத் தரிசிக்கச் செல்பவர்கள். சேக்கிழார் அவதரித்த ஊர் என்று வருபவர் சிலர். நாம் சென்ற மாதம் போனதோ, சேக்கிழாருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்களைத் தேடி.

அவர்கள் இரும்புக் காலத்து மக்கள். இறந்தோரைப் புதைத்த இடத்தின்மேல் சிறு கற்களைக் குவித்து, சுற்றிலும் பெருங்கற்களை வட்டமாக நட்டார்கள். உள்ளே கால்கள் வைத்த சுடுமண் பேழை, கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், இரும்புக் கருவிகள். பல்லாவரத்தில் இத்தகைய பேழையை 1880களில் கண்டெடுத்தவர் அலெக்ஸாண்டர் ரீ என்னும் துரை. குன்றத்தூரிலோ, சுதந்திரம் வந்தபின் 1950களில் நமது தொல்லியல் துறையாரே அகழ்ந்தார்கள். அதில் நமக்குச் சற்றுப் பெருமைதான்.

ஊருக்கு வெளியே ஒரு புதிய மனைப்பிரிவு. வர்ணக் கொடிகள் பறந்தன. நடுவே ஏழு பெருங்கற்கள் பிறைபோல் நின்றன. மற்றப் பாதியைக் காணோம். ஒரு கல்லின்மேல் சுண்ணாம்பால் மனை எண் எழுதியிருந்தது. காவற்காரரை விசாரித்தோம்.

"பாண்டவர் குழிங்க ஐயா. மிச்சக் கல்லெல்லாம் கடைக்காலுக்குப் போயிடுச்சு" என்றார்.

1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். ஓய்வூதியப் பணத்தைப் போட்டு மனை வாங்கியபின் இதை அறிகிறவரின் கண்ணீர் பொய்யன்று. அங்கே அவ்வளவு கண்டிப்பு. பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கோ கேட்பாரில்லை!

இங்கிலாந்தில் 1990 முதல், நிலத்தடியில் பழமை இருக்கக்கூடும் என்று தோன்றினால், அனுமதி தருமுன்பே கட்டுபவர் செலவில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்தவர் நிலத்தை நடந்து பார்ப்பது, ஐயமுள்ள இடத்தில் சோதனைக் குழி வெட்டுவது, கண்டதை வரைபடத்தில் குறிப்பது. மனை விற்குமுன் இதைச் செய்தால் வாங்குபவரும் ஏமாற மாட்டார். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக விட வேண்டும் என்ற விதி நம்மிடமே இருக்கிறது. பூங்காவுக்கென்று எங்கேயோ ஒரு மூலையை ஒதுக்குகிறவர்கள், அதைக் கல்வட்டத்தைச் சுற்றி ஒதுக்கினால் ஒரு சதுர அடியும் நஷ்டமில்லையே!

ஏழு கற்களையும் படம் பிடித்து, இடத்தின் அடையாளங்களுடன் துறைக்கு எழுதியிருக்கிறோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.