வெள்ளை பெயின்ட்டுக்கு அடியில் ஒரு ஃபோர்டு

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து ராணிகஞ்ச் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பேரிங், ஆயில் சீல், விசிறி பெல்ட், சாக்கு சாக்காக போல்ட் நட்டு என்று வாசல்வரை சாமான் பிதுங்கும் கடைகள். பழைய ஜீப்புக்குக் கிளட்ச் பிளேட் கேட்டேன். "மகிந்திராவா, மிலிட்டரியா?" என்றார் கடைக்காரர். மிலிட்டரி என்றதும், "ரெண்டுக்கும் ஒரே சாமான்தான்" என்று ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். 1,450 ரூபாய்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1940களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பிறகு அதே குடும்பத்து வண்டிகளைப் பல பத்தாண்டுகள் இங்கேயே செய்தது. அதனால் இரண்டாம் உலகப் போர் ஜீப்புக்கும் நம் ஊர் ஜீப்புக்கும் கியர், ஆக்சில் சாமான்கள் நிறையப் பொருந்தும். பழைய வண்டிகள் இன்றும் ஓடுவது அதனால்தான். கலப்படமில்லாத வண்டி கிடைக்காததும் அதனால்தான்.

அங்கிருந்து திருமலகிரிக்குப் போனேன். கன்டோன்மென்ட் சுவர்களை ஒட்டியே சாலை, இரண்டு பக்கமும் வேப்பமரம். நான் தேடிப் போனவர் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். "வாங்க தம்பி, செருப்பைக் கழட்ட வேணாம், கீழெல்லாம் ஆணி" என்றார். போர்டிகோவில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, சக்கரமில்லாமல் நான்கு மரக்கட்டைகள் மேல் ஜீப் நின்றது. மண்ணெண்ணெயும் ரெட் ஆக்சைடு பிரைமரும் கலந்த நெடி.

வரங்கல் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் 2,75,000 ரூபாய்க்கு வாங்கினாராம். "அசல் வில்லிஸ், உலகப் போர் வண்டி" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்திலும் வில்லிஸ் என்றே இருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அடியில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்தேன். ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேசிஸ் பட்டைகளையும் இணைக்கிற குறுக்குச்சட்டம் கண்ணில் பட்டது. வில்லிஸ் வண்டியென்றால் அந்த இடத்தில் உருண்டைக் குழாய் இருக்கும். இங்கே இருந்தது கவிழ்த்த வாய்க்கால் வடிவச் சட்டம். அது ஃபோர்டு செய்த முறை. ஒரே வடிவமைப்பை வைத்து வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் 1945 வரை ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பதித்தது. பின்பக்க ஷாக்கிள் அருகே கிரீஸைத் துடைத்ததும் அப்படி ஒரு போல்ட் கிடைத்தது. ஒரே ஒரு போல்ட் போதாது, அது வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். இடப்பக்கச் சேசிஸின் மேல் விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்தோம். மங்கலாக ஜி.பி.டபிள்யூ. என்ற ஃபோர்டு மாடல் எழுத்துகள், பின்னால் எண். ஃபோர்டேதான்.

"எனக்குப் போன மாசமே தெரியும். நீங்களா கண்டுபிடிக்கட்டும்னு இருந்தேன்" என்றார்.

மேலே இருந்ததெல்லாம் வேறு. சுவரில் சாய்த்திருந்த பழைய முகப்பில் ஏழு பிளவுகள். போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது. பானட்டும் உயரமான மகிந்திரா பானட். அதன் வெள்ளை பெயின்ட்டை எமரி தாளால் தேய்த்தால் நேரே தகடுதான் வருகிறது. பக்கவாட்டுத் தகட்டைத் தேய்த்தால் வெள்ளை, சிவப்பு, நீலம், கடைசியில் ஆலிவ் பச்சை. எது ராணுவத்தில் இருந்தது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பெயின்ட்டே பிரித்துக் காட்டிவிட்டது.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க் உட்காரும் தொட்டி. அதன் அடி முழுக்கத் துருத்துளை. தரைக்கு அடியில் ஓடும் தகட்டு வாய்க்கால்களுக்குள் ஃபோர்டு மரச்சட்டம் செருகியிருந்தது. எண்பது வருட மழைத்தண்ணீரைக் குடித்து அது ஊறவைத்த புளிபோல் கையோடு வந்தது. டிங்கர் பதினெட்டு கேஜ் தகட்டை வெட்டி, கெட்ட இடத்தில் மட்டும் வைத்து வெல்ட் அடித்துக்கொண்டிருந்தார். நாள் கூலி 1,200 ரூபாய். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் சொன்னால் முழு பாடியையே புதிதாகக் கட்டித் தருவார்களே என்றேன். "அப்புறம் இது எதுக்கு?" என்று மெக்கானிக் ஆலிவ் பச்சை தெரிந்த இடத்தைத் தடவினார். அவர் பக்கம்தான் நான். உள்ளங்கை அகலம் பழைய தகடு மிஞ்சினாலும் அதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

ஸ்டியரிங்கை யாரோ வலப்பக்கம் மாற்றியிருந்தார்கள். இடப்பக்கத் துளையை அடைத்த வெல்டிங் தழும்பு அப்படியே இருக்கிறது. அதைத் திறந்து பழையபடி இடப்பக்கமே கொண்டுவருகிறார். சிக்னல் விளக்கு இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு இதைத் தடுப்பதில்லை. அந்த விளக்குகளுக்காகவே ஆறு வோல்ட்டை விட்டுப் பன்னிரண்டுக்குப் போகிறார். ஆறு வோல்ட் பல்பு ராணிகஞ்சில் கிடைப்பதில்லை.

பழைய வண்டியொன்றிலிருந்து வாங்கிய ஒன்பது பிளவு முகப்பைக் காட்டினார். ஹெட்லைட்டின் பின்னால் இருந்த காது நட்டைத் திருகி, விளக்கை அப்படியே எஞ்சின் பக்கம் திருப்பினார். இருட்டில் ரிப்பேர் பார்க்க டார்ச் தேவையில்லை. முன்பு யாரோ மாட்டியிருந்த டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 2199 சி.சி. பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்திருக்கிறார். அறுபது குதிரைசக்தி. இன்னும் அது உயிர்பெறவில்லை. கைப்பிடி போட்டுச் சுற்றியபோது நான்கு சிலிண்டரிலும் அமுக்கம் தட்டுப்பட்டது.

என்ன நிறம் அடிப்பீர்கள் என்று கேட்டதும் முகம் சுண்டியது. மத்திய மோட்டார் வாகன விதி 121 பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர எதற்கும் ஆலிவ் பச்சையை அனுமதிப்பதில்லை. முப்பது வருடம் அந்த நிறத்தோடு வாழ்ந்தவர் சாம்பல் நிறம் அடிக்கப்போகிறார். டேஷ்போர்டுக்குப் பின்னால் மட்டும் பழைய பச்சையைத் தொடாமல் விட்டிருக்கிறார்.

இதுவரை வண்டி விலை போக நான்கு லட்சம் ஆகியிருக்கிறது. 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், எண்ணில் 'வி.ஏ.' வரும். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது.

மிலிட்டரி ஜீப் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஒரு டார்ச்சும் கம்பி பிரஷும் எடுத்துப் போங்கள். குறுக்குச்சட்டத்தைப் பாருங்கள், சேசிஸ் எண்ணைத் தேய்த்துப் படியுங்கள், அதை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். எண்ணைத் தேய்க்க விடாத வியாபாரியிடம் வண்டி வாங்காதீர்கள்.