அபிங்டனில் ஒரு பழைய சிவப்புக் கார்

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்தைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் யார் நினைவு வரும் என்று சொல்லவே வேண்டாம்! ஆனால் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி தேம்ஸ் நதிக் கரையில் இருக்கும் அபிங்டன் என்ற சின்ன ஊரில் போய்க் கேட்டுப் பாருங்கள். எட்டு மூலை வில்லைக்குள் அந்த இரண்டு எழுத்தும் பொறித்த, மேற்கூரை இல்லாத குட்டிக் காரைத்தான் சொல்வார்கள். ஐம்பது வருஷம் அந்த ஊருக்குச் சோறு போட்ட கார் அது.

அபிங்டனுக்கு இப்போது ரயில் கிடையாது. பயணிகள் ரயில் 1963-ல் நின்று போயிற்று. ஆக்ஸ்போர்டில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பழைய கல் பாலம், இடிந்த மடாலயம், செயின்ட் ஹெலன்ஸ் சர்ச், அதன் பக்கத்தில் 1446-ல் கட்டிய முதியோர் இல்லங்கள் என்று நடந்தே பார்த்துவிடக் கூடிய ஊர். கடைத்தெரு நடுவே கம்பீரமாக நிற்கிறதே, அது கவுண்டி ஹால். பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். அரச குடும்பத்தில் கல்யாணம், முடிசூட்டு என்று விசேஷம் வந்தால் ஊர்ப் பெரியவர்கள் அதன் மொட்டை மாடியில் ஏறி நின்று, கீழே கூடியிருக்கும் ஜனங்களுக்கு 'பன்' வீசுவார்கள்! குழந்தைகள் பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் மியூசியத்தில் அபிங்டனில் தயாரான எம்.ஜி. கார் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

மகளின் பிரசவத்துக்காக 2023 அக்டோபரில் அங்கே போய், ஆறு மாதம் இருந்தேன். பத்தியம் வைத்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நேரம் போக, தள்ளுவண்டியில் பேரனை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியதில் தெரிந்துகொண்ட கதைதான் இது.

எம்.ஜி. என்றால் 'மாரிஸ் கராஜஸ்'. வில்லியம் மாரிஸ் என்பவர் ஆக்ஸ்போர்டில் சைக்கிள் கடையில் தொடங்கி, பெரிய கார் முதலாளியானவர். அவருடைய கராஜுக்கு 1922-ல் மானேஜராக வந்த சிசில் கிம்பர், சாதாரண மாரிஸ் கார்களுக்கு அழகான புது உடம்பைப் பூட்டி, வேகமாக ஓடும்படி செய்து விற்கத் தொடங்கினார். வியாபாரம் பெருகவே, 1929-ல் அபிங்டனுக்குத் தொழிற்சாலை வந்தது.

அந்த மாரிஸ் குடும்பத்துக் கார்தான் நம் அம்பாசிடரும்! மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைத்தானே கல்கத்தா பக்கத்தில் 2014 வரை அம்பாசிடர் என்று செய்துகொண்டிருந்தார்கள்? அதில் வெகு காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினேதான் 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அதையே 1798 சி.சி. ஆகப் பெரிதாக்கி, 1962 முதல் எம்.ஜி.பி. காரில் வைத்தார்கள். ஆக, கல்யாணத்துக்கு எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போன நம் அம்பாசிடரும், இரண்டே பேர் உட்காரும் இந்தச் சிங்காரியும் ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள்!

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1935-ல் பிரான்ஸில் லெ மான் என்ற இடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று எம்.ஜி. கார்களை அனுப்பினார்கள். ஓட்டிய ஆறு பேரும் பெண்கள். மூன்று கார்களும் பந்தயத்தை முடித்துத் திரும்பின. அவர்களில் ஒருவர் பார்பரா ஸ்கின்னர். எம்.ஜி. கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்.யு. கார்புரேட்டரைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பத்துப் பெண். அது செருப்புக் கடைக் குடும்பம். அதனால்தானோ என்னவோ, ஆதி கார்புரேட்டரில் தோலால் செய்த துருத்தி இருந்ததாம்! பிறகு 1960-ல் பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்ற இரண்டு பெண்கள் அபிங்டனில் தயார் செய்த ஆஸ்டின் ஹீலி காரில் போய், லியேஜ்-ரோம்-லியேஜ் என்ற பெரிய ராலியில் ஆண்களையெல்லாம் முந்தி முதலாவதாக வந்தார்கள்.

இப்படி இருந்த தொழிற்சாலைக்கு 1979 செப்டம்பரில் ஐம்பதாம் ஆண்டு விழா கொண்டாடினார்கள். தோரணம் வாடுவதற்குள், மூடப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. செய்த ஊரில், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

என் மகளுக்குப் பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். வேலை போன பிறகு, ஞாபகார்த்தமாக 1972-ம் வருஷத்து சிவப்பு எம்.ஜி.பி. ஒன்றைப் பழசாக வாங்கி வைத்துக்கொண்டார். 2010-ல் அவர் காலமானார். அன்று கராஜில் போர்வை போட்டு மூடியது, பதின்மூன்று வருஷம் அப்படியே கிடந்தது. அம்மாளுக்கு வயது 76. மூட்டு வலி. கிளட்சை மிதிக்க முடியாது. பிள்ளை ஆஸ்திரேலியாவில். "அப்பா ஞாபகமாக இருக்கட்டும் அம்மா, விற்காதே" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

பிரசவமான வீட்டுக்கு மிட்வைஃப் நேரில் வந்து தாயையும் சேயையும் பார்ப்பது அங்கே வழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஒரு நாள் பிள்ளையை எடை போட்டுவிட்டு வெளியே வந்தவள், அம்மாளின் கராஜ் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். "அது எம்.ஜி.பி. தானே? எழுப்பலாமே!" என்றாள். அவளுக்கு அப்பாவிடம் பழகிய ஸ்பானர் பழக்கம் உண்டு. அடுத்த சனிக்கிழமையே பழைய துணியும் டார்ச்சுமாக வந்து நின்றாள். தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வெல்டிங் செய்ய ஒப்புக்கொண்டார். குளிர்காலம் முழுக்க சனிக்கிழமைகளில் வேலை நடந்தது.

தூங்கும் காரை எழுப்புவது சாவியைத் திருகுவதல்ல. சாவியைத் தொடவே கூடாதாம்! முதலில் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழ் ஓரங்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தகடு இல்லை, வெறும் பூச்சுதான் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. உடம்பே எலும்பு. கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் பட்டைதான் முதுகெலும்பு மாதிரி. அது துருவேறினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு சரியாகச் சாத்தாது. ஒரு பக்கப் பட்டையை முழுக்க வெட்டி எடுத்துப் புதிது வைத்தார்கள். உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே விட்னி என்ற ஊரில் எம்.ஜி.பி.யின் முழு உடம்பையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாகச் செய்கிறார்கள்!

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினார்கள். கெட்டுப்போன பெட்ரோலை இறக்கினார்கள். வார்னிஷ் மாதிரி ஒரு நெடி! பிரேக்கில் ரப்பர் வாஷர்கள் எல்லாம் புதிசு. டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான ரப்பர் வெடிப்பு விட்டிருந்ததால் நான்கையும் மாற்றினார்கள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகளும் புதிசு. சீட்டில் விட்டுப்போன தையலைக் கையால் போட்டுக் கொடுத்தது அடியேன். பம்பரைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக் கொடுத்தார்கள். துரு போய்ப் பளிச்சென்று ஆகிவிட்டது.

ஒன்று முக்கியம், கவனியுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய கார், ஸ்கூட்டர் எதைப் பிரித்தாலும் இதெல்லாம் பொருந்தும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே குடித்துவிடும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசை வாயால் ஊதக்கூடாது, துடைப்பத்தாலும் பெருக்கக்கூடாது. ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டி-ஃப்ரீஸ் திரவம் தித்திக்கும், ஆனால் விஷம். அதைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். எங்கள் பேரனை அந்த கராஜ் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைத்தோம்.

ஜனவரிக் கடைசியில் காரை வெளியே தள்ளி, அம்மாளையே சாவி திருகச் சொன்னார்கள். உடனே பின்பக்கத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம். பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிறைந்ததும் சத்தம் தானாக நின்றது. "ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையிலிருந்தே இந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்" என்றார் அம்மாள். நாலாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

நாற்பது வயது தாண்டிய காருக்கு அங்கே சாலை வரியும் இல்லை, வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. இருந்தும் அம்மாள் பரிசோதனைக்கு அனுப்பினார். "ஓட்டப் போவது ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே" என்றார்.

யார் ஓட்டப் போவது? அதுதான் சிக்கல். பழைய கார் வியாபாரி ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார். அம்மாள் வீட்டு பாய்லர் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை நின்றிருந்தது. அந்தப் பணத்தில் புதிசே போட்டிருக்கலாம். பிள்ளையோ விற்கவே வேண்டாம் என்கிறார். மிட்வைஃப் பெண் ஒரு தடவைகூடத் தனக்கு வேண்டும் என்று வாய் திறக்கவில்லை. அவள் சம்பளத்துக்கு வியாபாரி சொன்ன விலை எட்டாது.

ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் ரசம் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாள் பிள்ளையிடம் போனில் பேசினார். சண்டை போடவில்லை. "அப்படியே இருக்கட்டும் என்கிறாய். பதின்மூன்று வருஷம் அப்படியேதான் இருந்தது. உன் அப்பா ஆசையாக வாங்கினது, துருப்பிடிக்கவா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சில்லை. கடைசியில், "கியர் தலையிலே இருக்கிற குமிழை மட்டும் எனக்கு அனுப்பம்மா. அப்பா கை பட்டது" என்றாராம் பிள்ளை.

மறுநாளே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, செலவழித்த பணம் மட்டும் கொடு, அதையும் மாதா மாதம் கொடு என்று சொல்லிவிட்டார். கையில் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை விட்டுவிட்டு, பழைய பாய்லரையே ரிப்பேர் செய்துகொண்டார்.

"வேறு யாருக்கும் விற்கக்கூடாது, அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஏதாவது எழுதி வாங்கினீர்களா?" என்று கேட்டேன்.

"எழுதி வாங்கினால் அது இன்னும் என் கார்தானே?" என்றார்.

மாமியார் கொடுத்த கூறைப்புடவையை 'பார்த்துக் கட்டிக்கோ, மடிப்பு கலையாமல் வை' என்று ஆயிரம் சொல்லிக் கொடுப்போமே நாம், அது நினைவு வந்தது எனக்கு.

2024 மார்ச் நடுவில், பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றி, பச்சைச் சீட்டைக் கிழித்து அந்தப் பெண் கையில் கொடுத்தார். எந்தப் பெட்ரோல் போடுவது என்றும் சொன்னார்: 2021-லிருந்து அங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவிகிதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய காரின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, விலை கூடின பெட்ரோல்தான் போட வேண்டும். புதுக் குமிழ் பூட்டிய கியரைப் போட்டு, கூரையை மடக்கிவிட்டு, கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். அம்மாளும் பக்கத்தில் ஏறி, பாலம் வரை போய்விட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார்.

அன்று மாலை கராஜைக் கழுவித் தள்ளிவிட்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "உங்கள் வாசல் வழியில் தள்ளுவண்டி இடைஞ்சலாக இருக்கிறதே. என் கராஜில் இப்போது இடமிருக்கிறது, கொண்டுவந்து விடுங்கள்" என்றார்.