ஹாலிஎலவில் என்ன இருக்கு?

விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டுப் போனுக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "எல்லவில ஒரு ரூம் எடுத்துத் தர ஏலுமா?" காத்தான்குடியோ அக்குறணையோ, சொந்தம் எங்கிருந்தாலும் கேள்வி மாறாது.

இந்த முறை வந்த காத்தான்குடிக் குடும்பத்துக்கு நாங்கள் ரூம் தேடவில்லை. ஹாலிஎலவில் எங்கள் வீட்டிலேயே நான்கு நாள் வைத்துக்கொண்டோம். "ஹாலிஎலவில என்ன மாமா இருக்கு?" என்றார் மருமகன். நம்ம ஊர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள், அவரைக் குறை சொல்லி என்ன!

ஹாலிஎல ஒரு சந்தி. பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் இங்கே சேர்ந்து பதுளைக்கு இறங்குகின்றன. ரயிலும் நிற்கும். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி இந்தச் சந்தியால் வந்து, பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா தாண்டி செங்கலடியில் போய் முடிகிறது. எங்கள் விருந்தாளிகள் செங்கலடியில் ஏறிய அதே வீதியில்தான் எங்கள் சந்தியில் வந்து இறங்கினார்கள். இது அவர்களுக்கே புதினமாக இருந்தது.

முதல் நாள் காலை ஆறரைக்கு அவர்களைச் சந்திக்குக் கூட்டிப் போனோம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் தாதிமார், கச்சேரி உத்தியோகத்தர்கள், துணிக்கடைப் பிள்ளைகள். தோட்டத்து லயங்களிலிருந்து வெள்ளை யூனிபோமுடன் நடந்து இறங்கி வரும் மாணவர்கள், சிலர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி. மழை பெய்த மறுநாள் அப்படித்தான், சேறு படாமல் வந்து வீதியில் வைத்துப் போடுவார்கள். பஸ் வந்தால் மிதிபலகை வரை ஆட்கள். மருமகன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவங்க தினமும் இப்படியா?" என்றார்.

இரண்டாம் நாள் ரயில். ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும்போது தெமோதர நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் முதலில் நுழைகிறோம். மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே சுரங்கத்துக்கு மேலே உள்ள நிலையத்தில் போய் நிற்கிறோம். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த வளையம் யோசனைக்கு வந்தது என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அதில் ஒரு கங்காணி இருப்பது எங்களுக்குப் பிடிக்கும். அடுத்தது 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். பாதை பதுளையை எட்டியது 1924இல்.

பாலத்தில் நல்ல சனம். எங்களுக்கு அங்கே போனாலே ஒரு பழைய மாணவியின் ஞாபகம் வரும். "சேர், எங்கம்மா போட்டோ ஒரு ஹோட்டல் போர்டுல இருக்கு. அவங்களுக்கே தெரியாது" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு தாயைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "அன்னைக்கு எடுத்த கொழுந்து நல்ல கொழுந்து" என்று மட்டும் சொன்னாராம். எடுத்தவர் கேட்கவும் இல்லை, ஒரு சதம் கொடுக்கவும் இல்லை. அந்த ஹோட்டலில் ஓர் இரவுக்கு வாங்கும் காசு அவருடைய பல நாள் கூலி.

எல்லவுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நாங்களும்தானே போனோம். ஆனால் அங்கேயே இறங்கி, அங்கேயே தூங்கி, அங்கேயே ஏறிப் போகிறவருக்கு மலை ஒரு படம். அதில் கொழுந்துப் பையோடு நிற்கும் பெண்ணும் படத்தின் ஒரு பகுதி. அவர் பிள்ளை எத்தனை மணி பஸ்ஸுக்கு இறங்குகிறது என்று தெரிய, அந்த பஸ் நிற்கும் ஊரில் இரண்டு நாளாவது இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் த்ரீவீலில் போகொட மரப்பாலம். கூரை போட்ட பழைய பாலம், கீழே ஓயா. எங்களைத் தவிர இன்னும் ஒரு குடும்பம், அவ்வளவுதான். கடைசி நாள் பதுளைக்கு இறங்கி துன்ஹிந்த. 64 மீட்டர் நீர்வீழ்ச்சி, சாரல் முகத்தில் அடிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, ஆகவே வயதானவர்களை யோசித்துக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்து பதுளை டவுன் பள்ளியில் தொழுதுவிட்டு, பக்கத்துக் கடையில் பராட்டாவும் பிளேன்டீயும்.

அடுத்த விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும். காலை ஆறரை, ஏழு மணி பஸ்களில் பயணப் பையோடு ஏறாதீர்கள். அது வேலைக்கும் ஸ்கூலுக்கும் போகிறவர்களின் பஸ். எட்டரைக்குப் பிறகு உட்கார இடமே கிடைக்கும்.