மீரட்டில் கற்ற பாடம்

டில்லியிலிருந்து ஹரித்துவாரம் போகும் ரயில் பாதையில் மீரட் நகரம் இருக்கிறது. 1857-ஆம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஊரைப் பாராமல் போகலாமா என்று நாம் இறங்கிவிட்டோம். ஆனால் வாசகர்களிடம் ஒளிப்பானேன்? நம்மை அங்கே இறக்கியது சரித்திரம் மட்டுமன்று. பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பித்தளைக் குழாயுந்தான்.

நம் பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் யூபோனியம் ஒன்றின் வளைகுழாய் நசுங்கிப் போயிற்று. கைத்திறமுள்ள மாணவன் ஒருவன் புதுக் குழாய் வாங்கி வளைக்க முயன்றான். "இன்னும் பலமாக இழு!" என்று உத்தரவிட்டவர் நாம். குழாய் நடுவில் மடிந்து, மிதிபட்ட பப்பாளித் தண்டாயிற்று. "உன் கைக்கு இதெல்லாம் வராது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னவரும் நாமே. மறுநாள் முதல் பையன் வாத்திய அறைப் பக்கமே வரவில்லை.

மீரட்டில் ஜாலி கோட்டி என்று ஒரு பேட்டை. பெயரைக் கேட்டு உல்லாச ஸ்தலம் என்று எண்ண வேண்டாம். ஹிந்தியில் 'ஜாலி' என்றால் சல்லடைப் பலகணி. 1885-இல் தோன்றிய நாதிர் அலி கம்பெனி முதலாகப் பல பட்டறைகளால் பெயர் பெற்றது அந்த ஊர் வாத்தியத் தொழில். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியம், கல்யாண ஊர்வலத்துக்கு வந்து சேர்ந்த கதை அது.

சிறு பட்டறை ஒன்றில் நமது குழாயைப் பார்த்த முதியவர், "மாஸ்டர்ஜி, காலிக் குழாயை வளைக்கச் சொன்னது யார்?" என்றார். நாம் தொண்டையைக் கனைத்துக் கொண்டோம்.

விஷயம் கணக்குத்தான். 2 செ.மீ. விட்டமுள்ள குழாயை 10 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறம் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீள வேண்டும். உட்புறம் அவ்வளவே சுருங்க வேண்டும். ஆரம் 5 செ.மீ. ஆனால் இருபது பங்கு! உள்ளே தாங்கல் இல்லாவிட்டால் குழாய் மடியாமல் என்ன செய்யும்?

முதியவர் குழாயைச் செந்தணலில் காய்ச்சி ஆறவிட்டு மிருதுவாக்கினார். நன்றாக உலர்த்தி, உருகிய ஈயத்தை வார்த்தார். ஈரம் இருந்தால் ஈயம் சீறித் தெறிக்குமாம். ஈயம் உறைந்ததும் மர அச்சில் வைத்துச் சிறிது சிறிதாக வளைத்தார். யூபோனியத்தின் குழாய் போகப்போக அகலும். வளைவும் ஒரே அளவாக இராது. ஆகவே ஓர் இடத்துக்கு ஓர் அச்சு. கையை எடுத்தால் சற்றே நிமிரும் என்று ஒரு நூல் அதிகமாகவே வளைத்தார். உட்புறச் சுருக்கங்களைச் சுத்தியால் தட்டினார். வளைக்க வளைக்கப் பித்தளை இறுகுமாதலால், கடும் வளைவானால் ஈயத்தை வடித்து மறுபடி காய்ச்ச வேண்டும் என்றார். கடைசியில் திறந்த முனையிலிருந்து சூடேற்றினார். ஈயம் 327 டிகிரியில் உருகி வடிந்தது. 900 டிகிரிக்கு மேலேதான் உருகும் பித்தளை அசையாமல் நின்றது.

கூலி கொடுத்துப் புது வளைவைப் பெற்றுக்கொண்டோம். மடிந்த பழைய குழாயை அவர் குப்பையில் போடப் போனார். அதையும் கேட்டு வாங்கினோம்.

அன்றிரவு ஹரித்துவாரச் சத்திரத்தில் கங்கையின் இரைச்சலுக்கிடையே பையனுக்கு ஒரு கடிதம் எழுதினோம்: "தப்பு உன் கையில் இல்லை, எம் உத்தரவில் இருந்தது. ஊர் வந்ததும் ஈயம் காய்ச்சுவோம், வா."